பெரிய பிடிலும் சுண்டு விரலும்

3 ஜூன் 1968, திங்கள்

இன்று லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கும்போது இடது கையை நீராவிக் குழாய்மேல் ஊன்றிவிட்டேன். ஊன்றியது எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்றவன் “அண்ணே, கையி, கையி” என்று பிடித்து இழுத்த பிறகுதான் பார்த்தேன். சுண்டு விரல் ஓரம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. தீய்ந்த வாடை மூக்குக்கு வந்துவிட்டது, வலி வந்து சேரவில்லை. “நம்ம பாண்டிச்சேரி பாசஞ்சரு மாதிரிடா, லேட்டாதான் வரும்” என்றேன். ஷெட்டே சிரித்தது.

வீட்டுக்கு வந்து குளித்து, சோறு தின்று, வெற்றிலையும் போட்டாயிற்று. வலி இன்னும் வரவில்லை.

4 ஜூன்

இன்றும் வரவில்லை.

9 ஜூன், ஞாயிறு

திண்டிவனம் மாதா கோவிலில் பூசைக்கு வாசித்தேன். வழக்கம்போல தேவசகாயம் பிடில், நான் பெரிய பிடில். இதற்குச் சரியான பெயர் வயோலா. அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது, ஆகவே பெரிய பிடில்.

எனக்கு இது வந்த கதையே சிரிப்பு. அந்தக் காலத்தில் விழுப்புரம் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருத்தர் தந்தி வாத்திய செட் வைத்திருந்தார். பிடிலுக்கு எல்லாரும் அடித்துக்கொண்டார்கள். வயோலாவை ஒருவரும் தொடவில்லை. நாற்காலி போட வந்தவன் நான். “நீ புடி” என்று என் கையில் கொடுத்துவிட்டார். நின்றுகொண்டு மோவாயில் இடுக்கச் சொன்னார், எனக்கு அது வரவே இல்லை. நம் கச்சேரிக்காரர்கள் மாதிரி தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையைக் கால்மேல் வைத்துத்தான் இன்றைக்கும் வாசிக்கிறேன். ஆனால் இது பிடிலைவிட நீளம், கனமும் கூட. இடது கை சோர்ந்து தொங்கிவிடும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய ஸ்லீப்பர் கட்டையில் ஒரு துண்டு அறுத்து, தொடையோரம் நிறுத்தி, முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொள்வேன். எவ்வளவு நேரமானாலும் கை அசையாது. அந்த டிரைவர் துரை ஊரைவிட்டுப் போனபோது வயோலாவை எனக்கே கொடுத்துவிட்டார். கட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டுதான் போனார்.

இன்று கடைசிக் கீர்த்தனையில் சுண்டு விரல் பக்கத்துக் கம்பியில் விழுந்தது. கோவிலில் யாருக்கும் தெரிந்திருக்காது. தேவசகாயம் மட்டும் திரும்பிப் பார்த்தான்.

அவன் மகனுக்குத்தான் என் மகள் லூர்துவைத் தை மாதம் கொடுக்கிறோம்.

12 ஜூன்

ஊக்கை எடுத்துக் குத்திப் பார்த்தேன். சுண்டு விரல் முழுக்கச் சேதி இல்லை. மோதிர விரலில் வெளிப்பாதி இல்லை, உள்பாதி இருக்கிறது. ஒரே விரலில் கோடு கிழித்தாற்போல! பாதி எனக்கு, பாதி யாருக்கோ.

போன வருஷம் சுகாதாரக்காரர்கள் ஷெட்டில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். முதலில் உணர்ச்சி போகும், அப்புறம் விரல் மடங்கும், கை கொக்கியாகும். அந்த மாதமே எங்களோடு வேலை செய்த கண்ணையன் ஷெட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். கோலியனூரில் அவன் வீட்டில் அவனுக்குத் தட்டு தனி, பாய் தனி என்று சொல்கிறார்கள். அவன் அக்கா மகளுக்கு நிச்சயம் ஆன இடம் கைவிட்டுப் போய்விட்டது.

பேரை எழுதாமல் விட்டால் மட்டும் போய்விடுமா? பெருநோய். குஷ்டம். எழுதிவிட்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூசுகிறது.

20 ஜூன்

அடுக்கிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, அடியில் ஆணியால் கீறல் போட்டு எனக்கென்று வைத்துக்கொண்டேன். ஒரு தட்டும் அப்படியே. லூர்து கல்யாணம் நல்லபடி முடிகிறவரை மாதாவுக்கு நேர்ச்சை, தனித் தட்டு, தனி டம்ளர் என்று சவுந்தரியிடம் சொன்னேன். “மாதா எப்ப டம்ளர் கேட்டாங்க?” என்றாள் அவள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் அவளுக்கு விடாத புளுகா? இதையும் சிரித்துக்கொண்டே விட்டேன். அவள்தான் சிரிக்கவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

இன்று பெரிய கூத்து. குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் கூடிப் புது ஊர் ஒன்று கட்டுகிறார்கள் இல்லையா, அங்கிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து விழுப்புரத்துக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். பெயர் ஹெட்விக். ஜெர்மனி. கூட முருகையன் என்று குயிலாப்பாளையத்துக்காரர். அவர்களிடம் வேலை பார்க்கிறார். கொஞ்சம் பிரெஞ்சும் கொஞ்சம் இங்கிலீசும் சேர்த்து அடித்துப் பேசுகிறார். இவர் மச்சான் எங்கள் கோவில் திருவிழாவில் என்னைப் பார்த்துவிட்டு, “திண்டிவனத்துல ஒர்த்தரு பானை சைசுக்குப் பிடில் வாசிக்கிறாரு” என்று சொன்னாராம். அந்த ஒரு சொல்லுக்கு இந்த அம்மா கிளம்பி வந்திருக்கிறார்.

கொண்டுவந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே வயோலா! என்னுடையதைவிட நாலு விரற்கடை சின்னது. நான் அளந்து பார்த்து முழிப்பதைக் கண்டு அம்மா சிரித்தார். பிடிலுக்கு ஒரே அளவு உண்டாம், வயோலாவுக்குக் கிடையாதாம். ஆளுக்கொரு அளவு. வாசிக்கிறவர்கள் சந்தித்தால் முதலில் யாருடையது பெரிது என்றுதான் சண்டையாம்.

அவருக்கு வயோலா எப்படி வந்தது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பிடிலுக்குப் பிள்ளைகள் மிஞ்சிப்போனார்களாம். “நீ உயரமா இருக்கிற, நீ இத புடி” என்று கொடுத்தார்களாம். அட! உலகம் முழுக்க இதே கதைதானா?

அங்கே இப்போது வயோலாக்காரர்களே சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்களாம். தேசத்துக்குத் தேசம் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொள்கிறார்கள், மறந்துபோன பாட்டுகளைத் தேடி எடுக்கிறார்கள், வருஷத்தில் ஒருநாள் கூடி வாசிக்கிறார்கள், பிடில்காரர்களைத் திட்டுகிறார்கள். பிடில்காரர்கள் அங்கேயும் இவர்களைக் கிண்டல் செய்கிறார்களாம். ஒரு வயோலாக்காரர் கச்சேரியில் ஒருநாள் முழுக்க வில்லைக் கம்பியில் வைக்கவே இல்லையாம், ஒருவருக்கும் தெரியவில்லையாம். மறுநாள் ஒருத்தர் மட்டும், “நேத்து ரொம்ப நல்லா இருந்துச்சே, இன்னா பண்ணீங்க?” என்றாராம். வயிறு வலிக்கச் சிரித்தேன். தேவசகாயத்திடம் இதைச் சொல்லக் கூடாது. ஆயுசுக்கும் விடமாட்டான்.

இந்தியாவில் வயோலாக்காரர் யாரும் சங்கத்துக்குத் தெரியாதாம். நான்தான் முதல் ஆளாம். நான் வாசிப்பதை டேப்பில் பிடித்து அவர்கள் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டுமாம். ஷெட்டில் கரி துடைக்கிறவன் வாசிப்பைச் சீமையில் உட்கார்ந்து கேட்பார்கள்! எனக்குக் காலே தரையில் இல்லை.

அப்போது அம்மா என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க வந்தார். சும்மா, வாத்தியக்காரர்கள் பார்க்கிற மாதிரிதான். வெடுக்கென்று இழுத்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டேன். வெயில் தணிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

மாதா திருநாள். திண்டிவனத்தில் தேர். மூன்று விரலில் வாசித்தேன். சுண்டு விரல் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் கையையே மேலே தள்ளிச் சமாளித்தேன். ஆட்டுக்கு ஒரு கால் போனாலும் அது மேய்கிறதே. தேவசகாயம் சும்மா இருப்பானா? “இன்னா சம்பந்தி, சுண்டு வெரலு லீவா?” என்றான். “ஆமாம், பிள்ளை வீட்டு விருந்துக்குப் போயிருக்கு” என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முதுகில் வேர்வை ஓடியது.

22 செப்டம்பர்

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழிந்திருக்கிறது. வலது கையில் மேடு, இடது கையில் பள்ளம். கண்ணையன் கை கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்தது? ஞாபகம் வர மறுக்கிறது. வராமல் இருந்தால் நல்லது.

கை பழகட்டும் என்று தினமும் ஷெட்டிலிருந்து வந்ததும் வாசிக்கிறேன். கட்டையை இன்னும் நன்றாக அழுத்தி ஊன்றிக்கொள்கிறேன். விரல் இன்னும் மோசம்.

13 அக்டோபர்

லூர்து கல்யாணப் புடவையை மேலே போட்டுக்கொண்டு வந்து, “நல்லா இருக்குதாப்பா?” என்று என் தோளில் சாய்ந்தாள். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். பிள்ளை முகம் சுருங்கிப்போய் நின்றது. வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னடா சவுரிராயா, ஊரையே சிரிக்க வைக்கிறவனே?

17 நவம்பர், ஞாயிறு

போயிருக்கவே கூடாது.

வெயில் தணிந்து எத்தனை நாளாகிறது என்று முருகையன் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். சாக்கு தீர்ந்துபோய்க் குயிலாப்பாளையம் போனேன். பனையோலைக் கொட்டகை, நடுவில் டேப் மெஷின், இரண்டு சக்கரம் ஒன்றை ஒன்று துரத்துகிறது. பாய் போட்டிருந்தார்கள். கட்டையை நிறுத்தி, முழங்கையை ஊன்றி, மாதா கீர்த்தனை ஒன்றை எடுத்தேன். முதல் அடி தாண்டியிருக்காது, அம்மா மெஷினை நிறுத்திவிட்டார்.

அவர் என் விரலைப் பார்க்கவே இல்லை. கட்டையைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து முருகையனிடம் ஏதோ கேட்டார். முருகையன் என் பக்கம் திரும்பி, “அண்ணே, சுண்டு வெரலும் அடுத்த வெரல்ல பாதியும் மரத்துப் போயிருக்குதான்னு அம்மா கேக்குறாங்க” என்றார்.

பாதி என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது! நான் யாரிடம் சொன்னேன்? இந்த நோட்டிடம் தவிர யாரிடம் சொன்னேன்? நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா? முருகையன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்லைத் தளர்த்தக்கூட இல்லை. வயோலாவைப் பெட்டியில் அப்படியே திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பின்னால் அம்மா கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முருகையனும் “அண்ணே, நில்லுங்கண்ணே, சொல்றத கேளுங்க” என்றார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கட்டையை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

போகட்டும் கட்டை. வாயி போவாம இருக்கணும். முருகையன் வாயி.

18 நவம்பர்

முருகையன் மச்சானுக்குத் திண்டிவனம் தெரியும். மச்சானுக்குத் தெரிஞ்சா தேவசகாயத்துக்குத் தெரியும். தேவசகாயத்துக்குத் தெரிஞ்சா—

24 நவம்பர், ஞாயிறு

இன்று பூசைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் வாசலில் தேவசகாயம். வந்தவன் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறான். முகம் சரியில்லை. முடிந்தது என்று நினைத்தேன். சவுந்தரி தண்ணீர் கொண்டுவந்தாள், வேண்டாம் என்றான். தண்ணீரே வேண்டாமாம். என் காதில் எஞ்சின் விசில் மாதிரி ஒரே சத்தம்.

“சவுரி, ஒண்ணு சொல்லணும், மனசுல வச்சிக்காத” என்றான்.

சொல்லு என்றேன்.

“பேண்டு செட்டு வேணாம்னு என் பொண்டாட்டி அடம் புடிக்கிறா. மேளம்தான் வேணுமாம். நான் உன்கிட்ட பேண்டுன்னு வாக்கு குடுத்துட்டேன்.”

தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். மேளமே வையி, மேளத்தோடு நீயும் ஆடு என்றேன். அப்புறம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். வெயிலில் நடந்து வந்ததும் குடித்தால் தொண்டை கட்டுமாம், அதற்குத்தான் வேண்டாம் என்றானாம். பேஜாரு பிடித்த மனுஷன். போன பிறகு கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன்.

15 டிசம்பர், ஞாயிறு

முருகையன் வந்தார். கையில் துணி சுற்றிய கட்டை. சவுந்தரியும் லூர்துவும் சந்தைக்குப் போயிருந்தார்கள், அது ஒன்றுதான் நல்லது.

உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். நான் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். என் கையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். அம்மா பெரிய வயோலா ஒன்றை வைத்துக்கொண்டு சின்ன வயதில் மல்லுக்கட்டியபோது அவருக்கும் இதே விரல் இதே மாதிரி செத்துப்போனதாம். முழங்கையில் உள்பக்கம் ஓடுகிற நரம்பு ஒன்றுதான் சுண்டு விரலுக்கும் அடுத்ததில் பாதிக்கும் போகிறதாம். அதனால்தான் பாதி என்று கேட்டாராம். நான் ஓடின பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. நான் உட்காருகிற விதத்தைப் படமாக வரைந்து சங்கத்து ஆட்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். மூன்று தேசத்திலிருந்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒருத்தர் தனக்கும் அப்படித்தான் என்று, இன்னொருத்தர் தன் வாத்தியாருக்கு என்று. மூன்றாவது ஆள் டாக்டராகவும் இருந்துகொண்டு வயோலாவும் வாசிக்கிறவராம். அந்த மரத்தை முதலில் தூக்கிப் போடச் சொல் என்றாராம்.

“அந்தச் சங்கத்துல பாதிப் பேருக்கு இதானாம்ணே” என்றார் முருகையன். “ஒங்கள தெரியாத ஆளுங்க ஒக்காந்து ஒங்க மொழங்கையப் பத்தி எழுதிக்கினு இருக்காங்க.”

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசியாக ஒன்று சொன்னார். “ஆனா அம்மா ஒண்ண கண்டிப்பா சொல்லச் சொன்னாங்க. இந்த ஊருல அதே நரம்ப வேற சீக்கும் புடிக்குமாம். போயி காட்டிடுங்கண்ணே.”

ஆறு மாதமாக நான் வாய்விட்டுச் சொல்லப் பயந்த வார்த்தையை அவர் சொல்லாமலே சொல்லிவிட்டார். என் டம்ளரில் தண்ணீர் குடித்து, கட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கட்டையா? அதுவா? கட்டையாக இருக்கட்டும். மாதாவே, கட்டையாக இருக்கட்டும்.

16 டிசம்பர்

சவுந்தரியிடம் சொல்லிவிட்டேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவே இல்லை. ஜூன் மாசமே தெரியும் என்றாள். கொப்புளத்துக்கு எண்ணெய் போட்டபோது நகத்தால் கிள்ளிப் பார்த்தாளாம், நான் கதை சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீங்க நேர்ச்சைன்னு சொன்னீங்க. நான் இன்னா பண்றது? நீங்க வேலைக்குப் போனதும் அந்த டம்ளர்லதான் காப்பி குடிச்சிக்கினு இருக்கேன். வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்.”

அதற்குப் பிறகும் புடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கட்டை வெந்நீர் அடுப்புக்குள் போனது. பழைய ஸ்லீப்பர், தார் வாசனையோடு எரிந்தது.

5 ஜனவரி 1969, ஞாயிறு

திண்டிவனத்தில் முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் பீடத்தருகே நின்று, லூர்துமேரிக்கும் தேவசகாயம் மகனுக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சொன்னார். எத்தனை பேர் கல்யாணத்துக்கு இதைக் கேட்டிருக்கிறேன்! வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டே கேட்பேன். இன்று சாமியார் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. தெரிந்தவன் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன், வாத்தியத்தோடு.

9 ஜனவரி, வியாழன்

போய்விட்டு வந்தோம். ஊருக்கு வெளியே அந்த வைத்தியசாலை. வியாழன்தோறும் பார்க்கிறார்கள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். புளிய மரத்தடியில் வரிசை. யாரும் தெரிந்தவர்கள் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போய் நின்றால், முன்னால் இருந்து, “டேய் சவுரி, கல்யாண ஊட்டுக்கு வந்தவன் மாதிரி இன்னாடா முக்காடு?” என்று ஒரு குரல்.

கண்ணையன்.

ஆள் நன்றாக இருந்தான். ஒரு கையில் இரண்டு விரல் மடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கோலியனூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறானாம். சவுந்தரிக்கு உட்கார இடம் விட்டான். முதல் தடவையா என்று கேட்டான். தலையாட்டினேன். பயப்படாதே, மாத்திரை இருக்கிறது, இங்கே வருகிற பாதிப் பேரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டவும் ஒட்டாது, டாக்டரே சொல்கிறார், வீட்டில்தான் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்றான். “நாங்களும் ஒரு சங்கம்தாண்டா. வியாழக்கெழமைக்கு வியாழக்கெழம கூடறோம். சந்தா கெடையாது.”

அவனிடம் வயோலாக்காரர் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். எந்தச் சங்கத்தில் உன்னைச் சேர்ப்பார்கள் என்று பார்ப்போம் என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

டாக்டர் இறகால் தடவினார், ஊசியால் தொட்டார், உடம்பில் தேமல் எங்கேயாவது உண்டா என்று தேடினார். இல்லை. முழங்கையின் உள்பக்கம் விரலால் உருட்டிப் பார்த்தார். நரம்பு தடித்திருக்கிறது என்றார். கட்டை கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். கட்டையாலும் தடிக்கும், நோயாலும் தடிக்கும், தோலைக் கீறிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். காது மடலில் சின்னதாகக் கீறி எடுத்தார்கள். அங்கே வலித்தது. வலித்ததில் எவ்வளவு சந்தோஷம்!

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

12 ஜனவரி

இரண்டாம் ஓலை. காதில் ஒட்டுப் போட்டிருப்பதைப் பார்த்துத் தேவசகாயம், கடுக்கன் போட்டாயா என்று கேட்டான். ஆமாம், சம்பந்தி வீட்டில் போடமாட்டீர்கள் என்று நானே போட்டுக்கொண்டேன் என்றேன். வாய் தானாகப் பேசுகிறது.

19 ஜனவரி, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் என்று சாமியார் மூன்றாவது தடவை சொன்னதும் வில்லைக் கீழே வைத்துவிட்டேன். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு பாட்டுக்காரர் மூலையில் தேவசகாயத்தை நிறுத்தி, ஒன்றுவிடாமல் சொன்னேன். கொப்புளம், ஊசி, கட்டை, ஜெர்மனி அம்மா, காது.

கேட்டான். பிடிலைப் பெட்டியில் வைத்தான். துணி போர்த்தினான். பெட்டியை மூடினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சொல்லியிருக்கக் கூடாதோ? இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தால் தெரிந்தே போயிருக்கும். பொறுக்க முடியவில்லை. லூர்து, உன் அப்பன் வாயாலேயே கெட்டான் என்று சொல்லுவியா?

20 ஜனவரி

சேதி இல்லை.

22 ஜனவரி

சேதி இல்லை. பந்தல்காரனை நிறுத்தச் சொல்லட்டுமா என்று சவுந்தரியிடம் கேட்டேன். “நாளைக்குப் பாத்துக்கலாம். சாப்பிடுங்க” என்றாள்.

23 ஜனவரி, வியாழன்

புளிய மரத்தடிக்குப் போனபோது கண்ணையன் பக்கத்தில் தேவசகாயம் நிற்கிறான். முதல் பாசஞ்சரில் வந்தானாம். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனே பேசினான்.

“நல்ல மனசோட வந்துட்டேன்னு நெனச்சிக்காத சவுரி. நாலு நாளா எனக்கும் தூக்கம் இல்ல. என் புள்ள வாழ்க்கை. அதான், காதால கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்.”

அதுவும் சரிதான். நான் அவனாக இருந்தால் வந்திருப்பேனா தெரியாது.

நானும் சவுந்தரியும் அவனும் உள்ளே போனோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். கிருமி இல்லை என்றார். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு முழங்கையை மறுபடி உருட்டிப் பார்த்தார். கட்டையை எரித்தது நல்லது, கையை மடித்துக்கொண்டு தூங்காதே, சதை திரும்புவதற்கு மாதக் கணக்காகும், முழுக்கத் திரும்பாமலும் போகலாம் என்றார். எதற்கும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டு என்றார்.

வெளியே வந்தோம். சவுந்தரி மரத்தடியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜூனிலிருந்து இன்றைக்குத்தான் அழுகிறாள்.

“ஒழுங்கா பிடில் வாசிச்சிருந்தா இதெல்லாம் வருமா?” என்றான் தேவசகாயம்.

சொல்லட்டும். ஆயுசுக்கும் சொல்லட்டும்.

கண்ணையன் வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருந்தான். எனக்குக் கையைக் காட்டிப் போ, போ என்றான். அவனைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நான் தப்பித்து வந்தவன், அவன் அங்கேயே நிற்கிறான். திரும்பிப் போய், திங்கட்கிழமை கல்யாணத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். பந்தியில் உட்கார வைப்பாயா என்றான். என் பக்கத்தில் என்றேன்.

27 ஜனவரி, திங்கள்

கல்யாணம் ஆயிற்று. மேளம்தான் வைத்தார்கள், தேவசகாயம் பெண்டாட்டி வைத்ததுதான் சட்டம்.

ஹெட்விக் அம்மா முருகையனோடு வந்து, பாயில் எங்களோடு உட்கார்ந்து வாசித்தார். பிடில் ஒன்று, வயோலா இரண்டு. தேவசகாயம் ஆள் குறைந்துபோய் முழித்தான். கட்டை இல்லாமல் முழங்கை அந்தரத்தில் தொங்க, பாதிப் பாட்டிலேயே தோள் கழன்றுவிடும்போல் ஆனது. டேப் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இதைத்தான் சங்கத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். நடுவில் குழந்தை ஒன்று பாயசம் கேட்டு அழுகிறது, அதுவும் சேர்ந்து போகும். கடைசி அடியில் சுண்டு விரலைப் போட்டுப் பார்த்தேன். சுதி சேரவில்லை. ஆனால் கம்பி இருப்பது தெரிந்தது, துணிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி.

கண்ணையன் பந்தலுக்கு வெளியே வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டால் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். முதல் பந்தியில் நான், அவன், அந்தப் பக்கம் முருகையன். எதிர் வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அந்த இரண்டு இலைக்கும் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுச் சவுந்தரி சோறு போட்டுக்கொண்டே போனாள்.

28 ஜனவரி

லூர்து போன வீடு வெறிச்சென்று இருக்கிறது. தண்ணீர் குடிக்க என் டம்ளரைத் தேடினேன். பந்திப் பாத்திரங்களோடு சேர்த்து எல்லாவற்றையும் கழுவி, கொல்லையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். அடியில் கீறல் போட்டது எது என்று ஒன்றிரண்டைத் திருப்பிப் பார்த்தேன். வெயில் ஏறிவிட்டது. கைக்குக் கிடைத்ததை எடுத்து மொண்டு குடித்தேன்.